பிள்ளை ‘கோல்ட்’ எடுத்தது எதில்? ஸ்கேட்டிங் சோதனைகள் பற்றி

கனடாவிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வருகிறது. ஐஸ் மேல் மினுங்குகிற சட்டையோடு பிள்ளை நிற்கிறாள். கீழே ஒரு வரி: “கோல்ட் எடுத்துவிட்டாள்.” வெள்ளவத்தையில் இருக்கும் அம்மம்மா உடனே கேட்பார், “எத்தனை பேரை வென்றவள்?”

ஒருவரையும் வெல்லவில்லை. அன்றைக்கு அங்கே வெல்வதற்கு ஒருவரும் வரவும் இல்லை. அது போட்டி அல்ல, சோதனை. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்த இரண்டும் வெவ்வேறு பாதைகள். கொழும்பிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது குழம்பிப்போவதால், பிள்ளை உண்மையில் செய்து முடித்த பெரிய காரியம் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு இது விளங்கக் கஷ்டமே இல்லை. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பிள்ளை ஒரு தரத்தில் சித்தியடைந்தால், அது பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளையைத் தோற்கடித்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் தரத்துக்குரியது கையிலும் காலிலும் இருக்கிறது என்று ஒரு பரீட்சகர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஸ்கேட்டிங் சோதனையும் அப்படியே. ஆகக் கடைசிப் படிக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் ‘கோல்ட்’ என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் படியைத் தாண்டியவரைக் ‘கோல்ட் மெடலிஸ்ட்’ என்றே அழைப்பார்கள். குழப்பம் அந்தப் பெயரில்தான்.

படிகளை நாடு நாடாகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் சின்னப் பிள்ளைகள் ‘கேன்ஸ்கேட்’டில் தொடங்குவார்கள். அதில் 6 நிலைகள். ஒவ்வொன்றிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பகுதி. அவற்றுக்கு ரிப்பன், நிலை முடிந்தால் பட்ஜ். அதற்குப் பிறகு ‘ஸ்டார்’ 1 முதல் 10 வரை, அதன் மேல் கோல்ட். ஸ்டார் 5 வரைக்கும் மதிப்பிடுவது கோச்; 6இலிருந்து வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். அமெரிக்காவில் பிரி-பிரிலிமினரி, பிரிலிமினரி, பிரி-பிரோன்ஸ், பிரோன்ஸ், பிரி-சில்வர், சில்வர், பிரி-கோல்ட், கோல்ட் என்று எட்டுப் படிகள். வீட்டில் பழைய சான்றிதழ் இருந்தால் அதில் ஜுவனைல், நோவிஸ், ஜூனியர், சீனியர் என்று இருக்கும். பெயர் மாறியதே ஒழிய ஏணி அதேதான்.

இந்த ஏணியில் ஒன்றல்ல, பல தண்டவாளங்கள் ஓடுகின்றன. தாவல்களும் சுழற்சிகளும் ஒரு பக்கம், இதுதான் தனிநபர் சோதனை. நடனம் ஒரு பக்கம். இவை எல்லாவற்றுக்கும் கீழே ‘ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்’. இதில் தாவல் இல்லை, சுழற்சி இல்லை, பாட்டும் இல்லை. ஐஸ் மேல் குறித்த பாதையில் குறித்த அடிகளைப் போட்டுக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் இதற்கு நீண்ட காலம் ‘மூவ்ஸ் இன் த ஃபீல்ட்’ என்று பெயர். பிரித்தானியாவில் ‘ஃபீல்ட் மூவ்ஸ்’. அமெரிக்க முறையில் ஒரு படியின் ஸ்கில்ஸ் சோதனையில் சித்தியடையாமல் அதே படியின் தனிநபர் சோதனைக்குப் போக முடியாது. படியைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது.

அடவு தெரியாத பிள்ளைக்கு வர்ணம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? ஸ்கேட்டிங்கில் ஸ்கில்ஸ்தான் தட்டடவும் நாட்டடவும். தாவல்தான் வீடியோவில் வருவது, மாமா மாமிமார் கைதட்டுவது. ஆனால் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஐஸில் அது வைக்கிற விளிம்பு. சோதனையில் நடுவர் பார்ப்பதும் அதையே.

விளிம்பு என்றால் என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்கேட்டின் பிளேட் கத்தி மாதிரி ஒற்றைக் கூர் உள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் அடிப்பக்கம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலம். நீளவாக்கில் நடுவே ஒரு குழிவு ஓடுகிறது. அதனால் ஒரு பிளேட்டுக்கு இரண்டு விளிம்பு: பெருவிரல் பக்கம் உள்விளிம்பு, சுண்டுவிரல் பக்கம் வெளிவிளிம்பு. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் ஐஸைத் தொடும். பாதை வளைந்து போகும். சாயாமல் நேரே நின்றால் இரண்டும் தொடும். இப்போது குனிந்து ஐஸைப் பாருங்கள். உண்மையான விளிம்பில் போன இடத்தில் ஒரே ஒரு மெல்லிய கோடு. நேராக நின்று போன இடத்தில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. பிள்ளை என்ன சொன்னாலும், கோச் என்ன சொன்னாலும், ஐஸ் பொய் சொல்லாது.

அடுத்து ‘த்ரீ டேர்ன்’ என்கிற திருப்பம். இது ஒன்று சரியாக விளங்கினால் பாதி சோதனை விளங்கின மாதிரி. வலது காலில் முன்னோக்கி வெளிவிளிம்பில் போகிறாள் என்று வையுங்கள். பாதை வலப்பக்கம் வளைகிறது. தோள்கள் மெல்ல வட்டத்தின் உள்ளே திரும்புகின்றன, இடுப்பு அதைத் தொடர்கிறது. மடிந்திருந்த முழங்கால் கொஞ்சம் எழும்புகிறது, பாரம் பாதத்தின் முன்பந்துக்கு வருகிறது, அந்த ஒரு கணத்தில் பிளேட் திரும்பிவிடுகிறது. அதே காலில், இப்போது பின்னோக்கி, உள்விளிம்பில். திரும்பிய உடனே தோள்களை எதிர்ப்பக்கம் பிடித்துச் சுழற்சியை நிறுத்த வேண்டும். இதைத்தான் ‘செக்’ என்பார்கள். முழங்கால் மறுபடி மடிய வேண்டும்.

இது ஐஸில் விட்டுப்போகும் அடையாளம் 3 என்ற இலக்கம். இரண்டு வளைவு, நடுவே ஒரு கூர், அந்தக் கூர் வட்டத்தின் உள்ளே பார்க்கிறது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பிழைகளும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். கூருக்குப் பதிலாகச் சீப்பால் இழுத்தது போல அகலமாகக் கீறி, ஐஸ் தூள் குவிந்திருந்தால், பாரம் குதிக்காலில் இருந்திருக்கிறது, திருப்பம் சறுக்கியிருக்கிறது. கூருக்கு முன்னால் வளைவு தட்டையாகி மற்றப் பக்கம் நெளிந்திருந்தால், பயத்தில் விளிம்பை மாற்றிவிட்டாள். கூருக்குப் பிறகு வளைவு தூண்டில் மாதிரி சட்டென்று சுருண்டிருந்தால் செக் இல்லை: தோள் நிற்காமல் சுற்றியிருக்கிறது, அடுத்த நொடியில் மற்றக் காலை ஊன்றியிருப்பாள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. “இன்னும் நூறு தரம் செய்” என்பது ஒன்றுக்கும் மருந்தல்ல. பிழையை நூறு தரம் பழகினால் பிழைதான் உறுதியாகும்.

மேல் படிகளில் வருகிற ‘பிராக்கெட்’ இதற்கு நேர் எதிர். த்ரீ டேர்னில் உடம்பு வளைவு போகிற பக்கமே சுழல்கிறது. பிராக்கெட்டில் வளைவுக்கு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். கூர் வட்டத்துக்கு வெளியே பார்க்கும். உடம்பு இயல்பாகப் போக விரும்புகிற பக்கத்தை மறுக்கிற திருப்பம் அது. நன்றாக ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்து வீட்டார் கவலைப்படுவார்கள். கவலைப்பட ஒன்றும் இல்லை. இங்கே செலவழிகிற நேரம் பிறகு தாவலில் திரும்பி வரும், அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் படியான பிரி-பிரிலிமினரியில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தாலே சோதனையின் மனம் தெரியும். ஐஸைச் சுற்றி முன்னோக்கித் தள்ளிப் போவது. முன்னோக்கியும் பின்னோக்கியும், உள்ளும் வெளியுமாக நாலு விதமான விளிம்பிலும் அரைவட்டங்கள். ஒற்றைக் காலில், மற்றக் காலைப் பின்னால் இடுப்பளவு உயர்த்தி நேராகப் போகும் ‘ஸ்பைரல்’, வலம் இடம் இரண்டிலும். கடைசியாக ‘வால்ட்ஸ் எய்ட்’: 8 என்ற இலக்க வடிவில் இரண்டு வட்டம். ஒவ்வொரு வட்டத்தையும் மூன்று சம பாகமாகப் பிரித்து, ஒரு த்ரீ டேர்ன், ஒரு பின்னோக்கிய வெளிவிளிம்பு, ஒரு முன்னோக்கிய வெளிவிளிம்பு. பார்க்கச் சும்மா இருக்கும். அநேகருக்குத் தடக்குவது வட்டத்தின் அளவில்: முதல் வட்டம் பெரிதாக வரும், பலவீனமான காலில் போடும் இரண்டாவது சுருங்கிவிடும், நடுப்புள்ளிக்குத் திரும்பி வராது. திருப்பம் முடிந்த நிம்மதியில் பின்னோக்கிய விளிம்பை அவசரமாக முடித்துவிட்டு முன்னே காலை வைப்பதும் வழக்கமான பிழை.

இந்த எட்டுகள் பழைய காலத்தின் மிச்சம். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே ஐஸில் வரைகிற வடிவங்களிலிருந்து வந்தது. ஒரு வட்டத்தை வரைந்து அதே கோட்டின் மேல் மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். வட்டத்தின் குறுக்களவு ஆளின் உயரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சர்வதேசப் போட்டிகளில் இந்தக் கட்டாய வடிவங்கள் கடைசியாக இடம்பெற்றது 1990இல் ஹாலிஃபக்ஸில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில். அவை போனபின் விளிம்பைக் காப்பாற்றி வைத்திருப்பது இந்த ஸ்கில்ஸ் சோதனைகள்தான்.

நடுவர் ஒவ்வொரு கூறிலும் எதைத் தேடுகிறார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் பலமும் கால் நீட்டமும், இன்னொன்றில் விளிம்பின் தரம், வேறொன்றில் வேகமாக அடி மாற்றுவது, அல்லது இடையில் நிற்காத ஓட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பழகுவது பாடத்திட்டம் பார்க்காமல் சோதனைக்குப் படிப்பது போல. சுற்றி ஓடும் கூறில் நடுவர் பலம் கேட்கிறார். பிள்ளை அழகாக, மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல் போய்விட்டுத் தவறிவிடும். வீட்டாருக்கு விளங்காது, “விழவே இல்லையே” என்பார்கள். விழாமல் போவது மட்டும் போதாது.

காதாலும் மதிப்பிடலாம். நல்ல விளிம்பில் அழுத்தமாகப் போகும்போது தடித்த துணியைக் கிழிப்பது போன்ற ஆழ்ந்த சத்தம் வரும். பிளேட்டின் முன்பற்கள் உரசினால் ‘கரக் கரக்’ என்று கூசும். வீடியோ அனுப்பும்போது பாட்டைப் போட்டு அந்தச் சத்தத்தை மூடிவிடாதீர்கள்.

குறுக்கு அடி, அதாவது ‘க்ராஸ்ஓவர்’, எல்லாருக்கும் தெரியும். சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. மேலே தாண்டி வைக்கிற காலைத்தான் கண் பார்க்கும். பலம் வருவது கீழே, குறுக்காகப் பின்னே போகிற காலின் வெளிவிளிம்பிலிருந்து. அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் பிள்ளை கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வேகத்தை இழக்கும். மற்றது முழங்கால். அரைமண்டி நிற்காத பிள்ளையிடம் நடன ஆசிரியர் என்ன சொல்வாரோ அதையே கோச்சும் சொல்வார். களைத்ததும் முழங்கால் நிமிரும், நிமிர்ந்ததும் விளிம்பு போகும், பிறகு எல்லாம் போகும். சோதனையில் கடைசிக் கூறுகள் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அதனால் பழகும்போது கூறுகளைத் தனித்தனியே மட்டும் பழகாமல், வாரத்தில் இரண்டு தடவையாவது சோதனை வரிசையிலேயே முழுவதையும் ஓடிப் பார்க்க வேண்டும்.

சோதனை நாள் எப்படிப் போகும்? தயாரா என்று தீர்மானிப்பது கோச். கிளப் நடத்தும் சோதனை அமர்வுக்கு முடிவுத் திகதிக்கு முன் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அங்கத்துவம் நடப்பில் இருக்க வேண்டும். ஐஸின் அளவு இடத்துக்கு இடம் மாறும். சர்வதேச அளவு 60க்கு 30 மீற்றர். வட அமெரிக்க ஹொக்கித் தளங்கள் அகலம் குறைந்தவை. முடிந்தால் சோதனை நடக்கும் தளத்திலேயே ஒரு தடவை பழகுங்கள். இல்லாவிட்டால் வழக்கமான அரைவட்டங்கள் பக்கச் சுவரில் போய் முட்டும். பிளேட்டைச் சோதனைக்கு முதல்நாள் தீட்டக் கூடாது. புதுக் கூர் ஐஸை அதிகமாகப் பிடிக்கும், திருப்பங்கள் இடறும். ஒரு வாரம் முன்னால் தீட்டி, அதில் சில அமர்வுகள் பழகிவிட்டுப் போவது நல்லது. சப்பாத்து நாடாவும் அப்படித்தான், அன்றைக்குப் புதிதாகக் கட்ட வேண்டாம். தலைமயிரை இறுகக் கட்டுங்கள், எளிமையான உடை போதும்.

சில நிமிடச் சூடேற்றலுக்குப் பிறகு பெயர் கூப்பிடுவார்கள். கூறுகளைக் குறித்த வரிசையில் செய்ய வேண்டும். முடிந்ததும் ஓடி வெளியே வந்துவிடக் கூடாது. ஒரு கூறை மறுபடி செய்து காட்டும்படி நடுவர்கள் கேட்கக்கூடும். இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் வாடிவிடும். உண்மையில் அது நல்ல செய்தி: சித்திக்கு அவ்வளவு கிட்ட நிற்கிறாள், இன்னொரு தடவை தருகிறோம் என்று அர்த்தம். மூன்று நடுவர்கள் இருந்தால் இரண்டு பேர் சித்தி என்றால் போதும். ஒரு கூறில் கொஞ்சம் குறைந்தால் இன்னொன்றில் ஈடுகட்டலாம்.

சித்தியடையாவிட்டால் அமெரிக்கத் தாளில் ‘ஃபெயில்’ என்று எழுத மாட்டார்கள். ‘ரீட்ரை’ என்று இருக்கும், மறுபடி முயற்சி செய் என்று. குறித்த நாட்கள் போனபின் திரும்பவும் போகலாம். சித்தியடைந்தது என்றைக்கும் காலாவதியாகாது. தாளில் நடுவர்கள் எழுதிய குறிப்புகளைக் கோச்சும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் ஒரே கூறில் ஒரே சொல்லை எழுதியிருந்தால் அடுத்த மாதத்தின் வேலை அதுதான். கொழும்பிலிருந்து கோல் எடுத்து “ஏன் பெயில் ஆனாய்?” என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. மேல் படிகளில் ரீட்ரை வாங்காதவர்கள் அரிது.

தாவல் பக்கம். தாவல் ஆறு வகை: டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்சல். ஆக்சல் மட்டும் முன்னோக்கிக் கிளம்புவது. அதனால் ஒற்றை ஆக்சலே ஒன்றரைச் சுற்று. பலர் ஆண்டுக்கணக்கில் முட்டிநிற்கும் சுவர் அது. லட்ஸ் பின்னோக்கிய வெளிவிளிம்பிலிருந்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் சுழன்று கிளம்ப வேண்டும். பிராக்கெட்டில் சொன்ன அதே கஷ்டம். வளைவை எதிர்க்கப் பழகாத உடம்பு, கிளம்பும் கடைசிக் கணத்தில் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடும். அந்தப் பிழைக்கு ‘ஃப்ளட்ஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லட்ஸும், உள்விளிம்பிலிருந்து கிளம்பும் ஃபிளிப்பும் ஒன்றாகத் தெரிகிற பிள்ளைக்குக் குறை பெரும்பாலும் தாவலில் இல்லை, விளிம்பில்.

நடனச் சோதனைகள் தனி. டச்சு வால்ட்ஸ், கனாஸ்டா டாங்கோ, ரிதம் ப்ளூஸ் என்று தொடங்கி, கோல்டில் வியன்னீஸ் வால்ட்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர் வால்ட்ஸ், குவிக்ஸ்டெப், ஆர்ஜென்டைன் டாங்கோ வரை போகும். ஒவ்வொரு அடியும் எத்தனை தட்டு என்பது எழுதிவைத்தது. டச்சு வால்ட்ஸ் நிமிடத்துக்கு 138 தட்டு. தாளம் பிசகினால் வேறெது அழகாக இருந்தும் பயனில்லை. மிருதங்கத்தோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த பக்கம். ஒரு நடனமாவது பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் வயது பற்றியது. கோல்ட் தாண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுத்த வருடம் உலகச் சம்பியன்ஷிப்புக்குப் போகுமா என்று கேட்பார்கள். போக முடியாது. சர்வதேச சீனியர் போட்டிக்குக் குறைந்த வயது 2024–25 பருவத்திலிருந்து 17. சோதனைக்கு அப்படி வயதெல்லை இல்லை, மேலேயும் இல்லை. அமெரிக்காவில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 50க்கு மேற்பட்டவர்களுக்கும் தனித் தடங்கள் இருக்கின்றன. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாங்கில் குளிரில் உட்கார்ந்திருக்கும் அம்மாமாருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்புக்கு வருகிறவர்களுக்கு. ஆறு கிழமை ஐஸ் இல்லாமல் இருந்தால் விளிம்பு மங்கும். ஆனால் முழங்காலும் செக்கும் மங்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் சோக்கால் வட்டம் கீறி, வெறுங்காலோடு அந்த வட்டத்தில் த்ரீ டேர்னின் தோள் அசைவை மெதுவாகப் பழகலாம்: திரும்பி, நிறுத்தி, பத்து எண்ணும் வரை அசையாமல். ஒற்றைக் காலில் முழங்கால் மடித்து, கண் மூடி, 30 விநாடி. பிறகு மற்றக் கால். இன்லைன் ஸ்கேட் இருந்தால் க்ராஸ்ஓவரின் கீழ்த் தள்ளலைப் பழக நல்லது. ஆனால் சில்லுக்கு இரண்டு விளிம்பு கிடையாது. அதில் திருப்பங்களைப் பழகி, அந்தப் பழக்கத்தை ஐஸுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்கேட்டையும் கூடக் கொண்டுவந்தால் பிளேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து நல்ல உருக்கையும் கறள் பிடிக்க வைக்கும். பிளாஸ்டிக் உறையோடு வைக்கவே கூடாது, அதற்குள் ஈரம் தங்கிவிடும். துணியால் துடைத்து, ஈரம் முழுவதும் போக விட்டு, விளிம்பில் மெல்லியதாக வாசலின் பூசி, துணி உறை போட்டு வையுங்கள். சப்பாத்தின் உள்தட்டை வெளியே எடுத்து ஃபேன் காற்றில் விடுங்கள், வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். திரும்பிப் போய் ஐஸில் இறங்குவதற்கு முன் வாசலினைச் சுத்தமாகத் துடைக்க மறக்க வேண்டாம்.